பட்டர்நட் தேட வேண்டாம்... பரங்கி போதும்! ஏர் ஃப்ரையரில் குழையாமல் வறுக்கும் வழி

பொங்கல் முடிந்து இரண்டு நாள் ஆனதும் புதுச்சேரி வீடுகளில் ஒரு கேள்வி எழும். கரும்பைக் கடித்துத் தீர்த்துவிடலாம். வாழைப்பழத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் அரைப் பரங்கிக்காயை என்ன செய்வது?

கூட்டு வைத்தாயிற்று. சாம்பாரிலும் போட்டாயிற்று. மூன்றாவது நாளும் தட்டில் அதே மஞ்சள் நிறத்தைப் பார்த்தால், "இன்னைக்கும் பரங்கிக்காயாம்மா?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். "இனிப்பா, கொழகொழன்னு இருக்கு" என்பதுதான் பரங்கிக்காய் மீது வீட்டுக்கு வீடு வைக்கப்படும் குற்றச்சாட்டு.

பாரதியின் குயில்தோப்பால் இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகமான கருவடிக்குப்பத்தில், இன்று பழைய வீடுகளுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடிகளும் நிற்கின்றன. மிக்ஸி, கிரைண்டர் வரிசையில் ஏர் ஃப்ரையரும் இப்போது பல சமையலறைகளில் இடம்பிடித்துவிட்டது. பிரான்ஸில் உறவுகள் இருக்கும் குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் வரும் சமையல் வீடியோக்களில் அடிக்கடி தலைகாட்டும் அயிட்டம், ஏர் ஃப்ரையரில் வறுத்த 'வின்டர் ஸ்குவாஷ்'. ஓரங்கள் பொன்னிறமாக, உள்ளே வெண்ணெய்போல இருக்கும் ஆரஞ்சு நிறத் துண்டுகள். பார்த்தவுடன் இரண்டு கேள்விகள் வரும். 'அந்தக் காய் இங்கே எங்கே கிடைக்கும்? நம்ம பரங்கியில் செய்தால் வருமா?'

வரும். ஆனால் வீடியோவில் சொல்லும் நேரத்தையும் சூட்டையும் அப்படியே பின்பற்றினால் வராது. பரங்கியை நறுக்கிக் கூடை நிறையக் கொட்டி, வெளியே எடுக்கும்போது வறுவலுக்குப் பதில் அவியல் வந்து நிற்பது பலருக்கும் நடக்கும் கதை. 'மெஷின் சரியில்லை' என்று அதைத் தூக்கி அலமாரியில் வைப்பதற்கு முன், அந்தக் காய்க்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

வின்டர் ஸ்குவாஷ்... வேறு யாருமல்ல!

பெயரைப் பார்த்து, குளிர்காலத்தில் விளையும் காய் என்று நினைக்க வேண்டாம். பிஞ்சிலேயே பறித்து உடனே சமைப்பவற்றை (சுக்கினி இந்த வகை) மேலை நாடுகளில் 'சம்மர் ஸ்குவாஷ்' என்பார்கள். கொடியிலேயே முற்றி, தோல் கெட்டியாகி, பறித்த பின்னும் மாதக்கணக்கில் தாங்குபவை 'வின்டர் ஸ்குவாஷ்'. பனிக்காலத்துக்குச் சேமித்து வைக்கக்கூடிய காய் என்பதே அதன் பொருள். அந்த வரையறையில் பார்த்தால் நம் வீட்டு முற்றிய பரங்கிக்காயும் வின்டர் ஸ்குவாஷ்தான்.

வீடியோக்களில் அதிகம் வரும் பட்டர்நட் ஸ்குவாஷின் தாவரவியல் பெயர் 'குக்கர்பிட்டா மொஸ்சாட்டா'. நம் நாட்டில் பரவலாகப் பயிராகும் பரங்கிக்கும் அதே பெயர்தான். ஒரே இனத்தின் இரண்டு ரகங்கள். ஒட்டுமாம்பழமும் நாட்டு மாம்பழமும்போல என்று வைத்துக்கொள்ளலாம்.

பரங்கி என்ற பெயரிலேயே அதன் கதை இருக்கிறது. அரபு, பாரசீக மொழிகளில் ஐரோப்பியரைக் குறித்த சொல், இங்கே 'பரங்கி' ஆனது. முதலில் போர்ச்சுக்கீசியர்களையும், பிறகு பொதுவாக வெள்ளைக்காரர்களையும் தமிழர்கள் அப்படி அழைத்தார்கள். சென்னையின் பரங்கிமலையும், கடலூருக்குத் தெற்கே உள்ள பரங்கிப்பேட்டையும் அந்தப் பெயரைச் சுமப்பவை. அவர்களோடு கப்பலில் வந்த காய், பரங்கிக்காய்.

அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்ஸிகோவின் ஓஹாகா மாநிலத்தில் உள்ள ஒரு குகையில் கிடைத்த, இதே குடும்பத்தைச் சேர்ந்த விதைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் பழைமையானவை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் வந்த அதே திசையிலிருந்து வந்து, பொங்கல் படையலில் உட்காரும் அளவுக்கு நம் வீட்டுக் காயாகிவிட்டது. மார்கழியில் வாசல் கோலத்தின் சாணி உருண்டையில் செருகும் மஞ்சள் பூவும் இந்தக் கொடியின் பூதான்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் ஒரு சின்ன எச்சரிக்கை. பரங்கிக்காய், மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி, கொங்குப் பகுதியின் அரசாணிக்காய் எல்லாம் ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு உடைக்கும் வெள்ளைப் பூசணி, அதாவது கல்யாணப் பூசணி, வேறு இனம். மோர்க்குழம்புக்கும் காசி அல்வாவுக்கும் அருமையான அந்தக் காய், ஏர் ஃப்ரையருக்கு ஏற்றதல்ல. அதில் சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகக் குறைவு. நிறமும் வராது, சுருங்கி ரப்பராகிவிடும்.

வித்தியாசம் தண்ணீரில்!

ஒரே இனம் என்றால் ஏன் ஒரே மாதிரி வறுபடுவதில்லை?

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் பட்டர்நட் ஸ்குவாஷில் சுமார் 86 கிராம் தண்ணீர். மாவுச்சத்து, சர்க்கரை, நார்ச்சத்து எல்லாம் சேர்ந்து 11 கிராமுக்கு மேல். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையில் 100 கிராம் பரங்கிக்காயில் தண்ணீர் சுமார் 92 கிராம். மாவுச்சத்து 5 கிராமுக்கும் குறைவு.

86-க்கும் 92-க்கும் பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். திருப்பிப் பாருங்கள். தண்ணீரை எடுத்துவிட்டால் பட்டர்நட்டில் மிஞ்சும் சதை 14 கிராம். பரங்கியில் 8 கிராம். கிட்டத்தட்ட பாதி. அதனால்தான் அதே நேரம், அதே சூட்டில் பட்டர்நட் வறுபடுகிறது. பரங்கி தன் தண்ணீரிலேயே வெந்துபோகிறது.

பொன்னிறம் வருவதற்கும் தண்ணீருக்கும் நேரடிப் பகை. ஈரம் இருக்கும்வரை துண்டின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நிறமும் வறுத்த வாசனையும் வேகமாக உருவாக 140 டிகிரியாவது வேண்டும். அந்த மாற்றத்துக்கு 'மெய்யார் வினை' என்று பெயர். அதை 1912-ல் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெய்யாரின் பெயரில் அழைக்கிறார்கள். தோசையின் முறுகலுக்கும் பிரெஞ்சு பாகெட் ரொட்டியின் பொன்னிற மேலோட்டுக்கும் ஒரே வேதியியல்தான்.

ஆக, பரங்கியை வறுப்பது என்றால் முதலில் அதன் மேற்பரப்பை உலரவைக்க வேண்டும். அந்த வேலையில்தான் ஏர் ஃப்ரையர் கில்லாடி.

ஃப்ரையர் என்ற பெயரில் ஓர் அவன்

பெயரில்தான் ஃப்ரையர் இருக்கிறது, உண்மையில் அது எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூடேற்றும் கம்பி, அதற்கு மேல் வேகமாகச் சுழலும் விசிறி, கீழே துளையுள்ள கூடை. சூடான காற்று கூடையைச் சுற்றிச் சுற்றி வரும். காயிலிருந்து கிளம்பும் நீராவியை அந்தக் காற்றே விலக்கிவிடும். கேக் செய்யும் கன்வெக்‌ஷன் அவனின் குட்டி வடிவம் இது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வெய் உருவாக்கிய வடிவமைப்பை, பிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அப்போது அதன் முக்கிய விளம்பரமே உருளைக்கிழங்கு சிப்ஸ்தான்.

காற்று சுற்ற இடம் இருந்தால்தான் இந்த மெஷின் வேலை செய்யும். கூடை நிறையத் துண்டுகளைக் கொட்டினால் நீராவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். இட்லிப் பானையில் வைத்த கதைதான். பரங்கி கொழகொழவென வருவதற்கு முதல் காரணம் இதுவே.

வாங்கும்போதே பாதி வெற்றி

பெரிய மார்க்கெட் என்று புதுச்சேரிக்காரர்கள் அழைக்கும் குபேர் அங்காடியானாலும் தெருவுக்கு வரும் தள்ளுவண்டியானாலும், பத்தை போட்டு விற்கும் பரங்கியில் இவற்றைக் கவனியுங்கள்:

* தோலில் நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. பதிந்தால் இளசு, அது பால் கூட்டுக்கு.

* சதை அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் உலர்வாக இருக்க வேண்டும். வெளிறிய மஞ்சளும் மேலே வழவழப்பும் இருந்தால் தண்ணீர் அதிகம், அல்லது வெட்டி நேரமாகிவிட்டது.

* விதைகள் தட்டையாக, ஒல்லியாக இருந்தால் இளங்காய். பருத்து, கெட்டியான தோலோடு இருந்தால் முற்றிய காய்.

* முழுக் காயாக வாங்கினால் காம்பு காய்ந்து, ஒட்டியபடியே இருக்கட்டும். அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும்.

சின்னக் குடும்பத்துக்குப் பெரிய காய் சுமைதான். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'கோ 1' ரகம் ஒரு காய் 7, 8 கிலோ வரை வரும். 'கோ 2' ரகம் ஒன்றரை முதல் 2 கிலோ. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா சூர்யமுகி' சுமார் 1 கிலோதான். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் விதை வாங்கும்போது சிறு ரகமாகக் கேட்டு வாங்கலாம்.

முற்றிய முழுப் பரங்கியைக் காற்றோட்டமான, வெயில்படாத இடத்தில் இரண்டு மூன்று மாதம்கூட வைக்கலாம். வைத்திருக்கும் நாள்களில் உள்ளே இருக்கும் மாவுச்சத்து மெதுவாகச் சர்க்கரையாக மாறும். அதனால் பறித்தவுடன் சமைப்பதைவிட, சில வாரம் இருந்த காய் நன்றாகவே நிறம் பிடிக்கும். பொங்கலுக்கு வாங்கிய முழுக் காய் மாசி மாதம் இன்னும் ருசிக்கும் என்பது இதனால்தான்.

வெட்டும்போது கவனம்

முற்றிய பரங்கியை வெட்டுவது விளையாட்டல்ல. உருண்டையான காய் உருளும், கத்தி வழுக்கும். முதலில் அடியில் ஒரு மெல்லிய பத்தையைச் சீவி, காய் ஆடாமல் உட்காரும்படி தட்டையாக்குங்கள். வெட்டுப்பலகைக்குக் கீழே ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. காம்புப் பகுதியில் கத்தியை இறக்காமல் அதன் ஓரமாக இறக்கிப் பாதியாக்குங்கள். பிறகு விதை, நாரை ஸ்பூனால் வழித்து எடுத்து, பத்தைகளாக்கி, கடைசியாகத் தோலைச் சீவினால் எளிது. அரிவாள்மனையில் பழகியவர்களுக்கு அதுவே வசதி. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள், கடையிலேயே பத்தை போட்டு வாங்கிவிடுவது நல்லது.

இன்னொரு பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வெட்டியதும் நுனி நாக்கில் ஒரு சின்னத் துண்டை வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். வெள்ளரி, சுரை, பரங்கிக் குடும்பத்தில் அபூர்வமாகச் சில காய்களில் 'குக்கர்பிட்டாசின்' என்ற கசப்புப் பொருள் அதிகமாகிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு எனக் கடுமையான பாதிப்புகளை உண்டாக்கும். சமைத்தாலும் அது போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு எச்சரித்ததும் இதே பொருளால்தான். 'காசு கொடுத்து வாங்கினது' என்று சர்க்கரை போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

அடிப்படை முறை: பரங்கி மிளகு வறுவல்

இது ஒன்று கைவந்துவிட்டால் மற்றவை எல்லாம் இதன் மாற்றங்கள்தான்.

தேவையானவை: முற்றிய பரங்கிக்காய் - 500 கிராம் (தோல், விதை நீக்கியது), நல்லெண்ணெய் - 2 டீஸ்பூன், அரிசி மாவு - 2 டீஸ்பூன், மிளகு-சீரகத்தூள் - 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன், கறிவேப்பிலை - ஒரு கொத்து, உப்பு - தேவைக்கேற்ப.

செய்முறை: பரங்கியை 2 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவில் நறுக்குங்கள். நறுக்கிய பின் கழுவாதீர்கள். கழுவுவதாக இருந்தால் வெட்டும் முன்பே. சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, பத்து நிமிடம் ஃபேனுக்கு அடியில் உலரவிடுங்கள். மஞ்சள்தூள், அரிசி மாவைப் பிசறி, பிறகு எண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். உப்பு இப்போது வேண்டாம். உப்பு பட்டதும் காய் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும்.

ஏர் ஃப்ரையரை 190 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்குங்கள். துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, 180 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். வெளியே எடுத்துக் குலுக்கிவிட்டு மறுபடி 5 நிமிடம். இந்தக் கட்டத்தில் துண்டுகள் உள்ளே வெந்து, மேலே உலர்ந்திருக்கும். இப்போது உப்பு, மிளகு-சீரகத்தூள், எண்ணெயில் பிசறிய கறிவேப்பிலை சேர்த்து 200 டிகிரியில் 3 நிமிடம். ஓரங்கள் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம்.

ஏன் இரண்டு கட்டம்? முதலிலேயே 200 டிகிரி வைத்தால் ஓரம் கருகும், நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். நடுத்தரச் சூட்டில் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, கடைசியில் சூட்டைக் கூட்டினால்தான் நிறம் சீராக வரும். மெஷினுக்கு மெஷின் சூடு மாறும் என்பதால் முதல் தடவை 12-வது நிமிடத்திலிருந்தே எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைக்கிலோ போட்டால் வெளியே வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். போன எடையெல்லாம் தண்ணீர். 4 லிட்டர் கூடையில் அரைக்கிலோவுக்கு மேல் போடாதீர்கள். எண்ணிக்கை அதிகம் என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். சூடாகப் பரிமாறிவிட வேண்டும். பரங்கியின் உள் ஈரம் மெதுவாக மேலே வரும் என்பதால் அரைமணி நேரத்தில் மொறுமொறுப்பு இறங்கிவிடும். லஞ்ச் பாக்ஸுக்கு இது சரிவராது. ரசம் சாதத்துக்குப் பக்கத்தில் சுடச்சுட இருக்க வேண்டிய அயிட்டம்.

இன்னும் நான்கு ருசிகள்

சுட்ட பரங்கி சூப்: பிரெஞ்சு வீடுகளில் 'பொட்டிரோன்' சூப் என்று குளிர்காலத்தில் செய்வார்கள். அரைக்கிலோ பரங்கியைப் பெரிய துண்டுகளாக, 6 சின்ன வெங்காயம், தோலோடு 4 பல் பூண்டு சேர்த்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் புரட்டி 180 டிகிரியில் 20 நிமிடம் சுடுங்கள். பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்து, எல்லாவற்றையும் நன்கு ஆறவிட்டு மிக்ஸியில் அரையுங்கள். சூடாக அரைத்தால் மூடி தெறிக்கும், ஜாக்கிரதை. இரண்டு கப் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, இறக்கும்போது கால் கப் தேங்காய்ப்பால், மிளகுத்தூள், உப்பு. பல் இல்லாத தாத்தா, பாட்டிக்கும் குழந்தைக்கும் ஒரே கிண்ணம் போதும்.

சுக்கு வெல்லப் பத்தை: ஒரு விரல் கனத்தில் நீளப் பத்தைகளாக வெட்டி, நெய் தடவி 180 டிகிரியில் 15 நிமிடம். பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டி, சுக்குப்பொடி, ஏலக்காய் சேர்த்து மேலே தடவி இன்னும் 3 நிமிடம் மட்டும். வெல்லத்தை முதலிலேயே தடவினால் கருகிக் கசந்துவிடும்.

சுட்ட பரங்கிப் பச்சடி: வறுத்த துண்டுகளைக் கையால் ஒன்றிரண்டாக மசித்து, கெட்டித் தயிரில் கலந்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். முந்தைய நாள் மிஞ்சிய வறுவலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பரங்கி விதை: குப்பைக்குப் போகும் விதையைக் கழுவி, நார் நீக்கி, ஒரு நாள் நிழலில் காயவையுங்கள். அரை டீஸ்பூன் எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு புரட்டி 150 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். காய்ந்த விதை லேசானது. காற்றில் பறந்து மேலே உள்ள கம்பியில் ஒட்டிக்கொள்ளும். சிறிய கம்பி ரேக்கை மேலே கவிழ்த்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?

பரங்கி என்றதும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. 'இனிக்கிறது, அதனால் கூடாது' என்று ஒதுக்குபவர்களும், 'எண்ணெய் இல்லை, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும்' என்று குவிப்பவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல.

பரங்கியின் கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகம், பல அட்டவணைகளில் 75 என்று உயரமாகவே இருக்கிறது. ஆனால் 100 கிராமில் இருக்கும் மாவுச்சத்தே 5 கிராம் அளவுதான் என்பதால் ஒரு கைப்பிடி சாப்பிட்டால் ஏறும் மொத்தச் சர்க்கரை குறைவு. 100 கிராமுக்குச் சுமார் 25 கலோரிதான்.

கவனிக்க வேண்டியது, வறுத்த பின் எடை குறைகிறது, சர்க்கரை குறைவதில்லை. அரைக்கிலோ காய், தட்டில் 330 கிராமாக நின்றால், ஒவ்வொரு கவளத்திலும் சர்க்கரை ஒன்றரை மடங்கு செறிந்திருக்கிறது. எனவே பச்சைக் காயின் எடையைக் கொண்டே கணக்கு வையுங்கள். வறுவலைக் கூடுதலாகச் சேர்க்காமல், சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அதற்குப் பதிலாக வைத்தால் பலன் உண்டு. வெல்லப் பத்தை மட்டும் அவர்களுக்கு வேண்டாம்.

சிறுநீரகப் பிரச்னைக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி வெளியேறும். ஏர் ஃப்ரையரில் வடிக்கத் தண்ணீரே இல்லை. எல்லாம் உள்ளேயே தங்கும். அவர்கள் மருத்துவரையோ டயட்டீஷியனையோ கேட்டுவிட்டுச் சாப்பிடுவதே பாதுகாப்பு.

'ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை' என்று பெருமைப்படவும் தேவையில்லை. பரங்கியின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கொழுப்போடு சேர்ந்தால்தான் அது குடலில் நன்றாக உறிஞ்சப்படும். கடாயில் பொரிக்க அரை லிட்டர் எண்ணெய் தேவைப்படும் இடத்தில், இரண்டு டீஸ்பூன் தாராளமாக விடலாம். துண்டு உலர்ந்து கருகாமல் இருக்கவும் அது வேண்டும்.

மெஷின் எதற்கு, கடாய் எதற்கு?

1,500 வாட் ஏர் ஃப்ரையர் 20 நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் அதிகபட்சம் அரை யூனிட் மின்சாரம். நான்கு பேர் வீட்டுக்கு அது கட்டுப்படியாகும். பத்துப் பேருக்குச் சமைக்கும்போது மூன்று தடவை கூடையை நிரப்பிக் காத்திருப்பதைவிட, அகலமான இரும்புக் கடாயில் வதக்குவதே வேகம்.

பால் கூட்டுக்கு ஏர் ஃப்ரையர் உதவாது. அதற்கு இளங்காய், தண்ணீர், பால், நிதானம் எல்லாம் வேண்டும். பரங்கி பஜ்ஜியும் வேண்டாம். கரைத்த மாவு துளை வழியே ஒழுகிவிடும். காரக்குழம்பில் போட நினைத்தால், வறுத்த துண்டுகளை இறக்கும் நேரத்தில் சேர்த்தால் கரையாமல் முழுசாக நிற்கும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவடிக்குப்பம் போன்ற இடங்களில் உப்புக்காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. கூடையைக் கழுவியதும் துடைத்து, மெஷினில் ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு முழுசாக உலர்த்துங்கள். இல்லாவிட்டால் கோட்டிங் உரிந்த இடத்தில் துரு ஏறிவிடும். ஸ்டீல் நாரால் தேய்க்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல், 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாக இணையுங்கள். பின்புறம் சூடான காற்று வெளியேறும் என்பதால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள்.

மிச்சத்தை வீணாக்காமல்...

வெட்டிய பரங்கி அழுகத் தொடங்குவது விதையும் நாரும் இருக்கும் நடுப்பகுதியில்தான். வாங்கி வந்ததும் அதை வழித்துவிட்டு, டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். அதற்குமேல் என்றால், மொத்தமாகச் சுட்டு மசித்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா எனப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு மாதம் வரை சூப்புக்கும், பச்சடிக்கும், சப்பாத்தி மாவில் பிசையவும் எடுத்துக்கொள்ளலாம்.

சூப்பர் மார்க்கெட்டின் 'இங்கிலிஷ் காய்கறி' வரிசையில் பட்டர்நட் ஸ்குவாஷ் கண்ணில் பட்டால் விலைச்சீட்டைப் பாருங்கள். அந்தக் காசுக்குப் பரங்கி எத்தனை பத்தை வரும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, நேரே தள்ளுவண்டிக்குப் போங்கள். "நல்லா முத்தினதா, செவப்பா ஒரு பத்தை குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்குங்கள். அதில் பாதி பாட்டியின் சாம்பாருக்கு, மீதி பாதி பேரனின் மிளகு வறுவலுக்கு. இந்த முறை தட்டில் மிச்சமிருக்க வாய்ப்பு குறைவு.